பலகையின் அடிப்பக்கம்

தங்கை பையன் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு ஸ்கேட்போர்டோடு வந்து இறங்கினான். ஹாலில் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தான். சக்கரம் நாலும் கூரையைப் பார்க்க, பலகையின் அடிப்பக்கத்தில் ஒரு படம். நீல நிறத்தில் ஒரு கை. உள்ளங்கையில் ஒரு வாய், நாக்கு வெளியே தள்ள அலறுகிறது. விரல்கள் மட்டும் தெளிவாக இருந்தன. வாயில் பாதி உரிந்துபோய் வெறும் மரம் தெரிந்தது.

"ஏண்டா, இவ்வளவு நல்ல படத்தை யாராவது அடியில போடுவாங்களா? மேல போட்டா நாலு பேர் பார்ப்பாங்க இல்ல?"

"மேல உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பா ஒட்டணும் மாமா, கால் வழுக்காம இருக்க. படம் அடியிலதான். தேயத்தேயத்தான் மரியாதை. படம் அழியாத போர்டு வச்சிருக்கிறவனை எவனும் மதிக்க மாட்டான்."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அழிவதற்காகவே ஒரு ஓவியமா? அதுவும் சும்மா கிறுக்கல் இல்லை. ஜிம் பிலிப்ஸ் என்கிற கலிஃபோர்னியாக்காரர் சான்டா குரூஸ் கம்பெனிக்காக 1985-ல் வரைந்தது. நாற்பது வருஷமாக அந்தக் கை உலகம் பூராவும் சிமென்ட்டில் உரசிக்கொண்டிருக்கிறது.

ஸ்கேட்போர்டைப் பக்கத்தில் பார்க்காதவர்களுக்காக ஒரு பாரா. ஏழு மெல்லிய மேப்பிள் மரத் தகடுகளைப் பசை போட்டு அழுத்தி ஒட்டின பலகை. சுமார் 80 சென்டிமீட்டர் நீளம். நாலு சக்கரம். பிரேக் கிடையாது, ஹேண்டில் கிடையாது. படிக்கட்டின் கைப்பிடிக் குழாய், திண்ணை விளிம்பு இவற்றின் மீது பலகையின் வயிறு உரசச் சறுக்குவார்கள். அதனால் படத்தில் நடுப்பகுதிதான் முதலில் போகும். மும்முரமாக ஓட்டுகிற பையனுக்கு ஒரு பலகை சில வாரம் வரும், மிஞ்சினால் சில மாதம். நம் வாசலில் விடிகாலையில் போட்டு, எட்டு மணிக்குள் பால்காரர் வண்டி ஏறிவிடும் கோலத்தைவிட ஆயுள் கொஞ்சம் கெட்டி. அவ்வளவுதான்.

அவன் ஊருக்குப் போன பிறகும் அந்தக் கை என்னை விடவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒன்றைத் தேடப்போக, அது இன்னொன்றில் கொண்டுபோய் விட்டது. 'இந்த வயசுல ஸ்கேட்டிங்கா?' என்று வீட்டில் கேட்டார்கள். முழங்கால் இருக்கிற லட்சணத்தில் நான் ஏறப்போவதில்லை. பார்க்க என்ன காசா, பணமா? இரண்டு வாரத்தில் கண்டெடுத்த சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு நீச்சல் குளம். ஃபின்லாந்தின் பெரிய கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ, 1939-ல் கட்டி முடித்த வில்லா மைரியா என்கிற வீட்டுத் தோட்டத்தில் ஒரு குளம் வைத்தார். சதுரமில்லை, வட்டமில்லை, நெளிந்த வடிவம். அமெரிக்காவில் கிட்னி ஷேப் என்பார்கள். நமக்கு முந்திரிப் பருப்பு என்றால் சட்டென்று புரியும். தாமஸ் சர்ச் என்ற கலிஃபோர்னியத் தோட்ட வடிவமைப்பாளர் 1937-ல் ஃபின்லாந்து போய் ஆல்ட்டோவைப் பார்த்துவிட்டு வந்தவர். 1948-ல் சொனோமாவில் ஒரு குடும்பத்துக்கு அவர் போட்ட தோட்டத்தில் அதே முந்திரிப் பருப்பு. பத்திரிகைகளில் படம் வந்தது. பிறகென்ன, வசதியுள்ள கலிஃபோர்னியா வீட்டுக் கொல்லையிலெல்லாம் முந்திரிப் பருப்பு முளைத்தது. கம்பி கட்டி அதன் மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்துக் கட்டுவார்கள். அதனால் சுவரும் தரையும் சேருமிடத்தில் மூலை இருக்காது. சட்டி மாதிரி வழவழவென்று வளைந்து ஏறும்.

1976, 77-ல் கலிஃபோர்னியாவில் கடும் பஞ்சம். தண்ணீர்ப் பஞ்சத்தைத்தான் சொல்கிறேன். குளத்தை நிரப்பத் தண்ணீர் இல்லை. கொல்லைகளில் குளங்கள் காலியாகக் கிடந்தன. சான்டா மோனிகா, வெனிஸ் கடற்கரைப் பக்கத்துப் பையன்கள் அதைப் பார்த்தார்கள். அலைமேல் சறுக்கிப் பழகியவர்கள். அப்பா இல்லாத வீடு, உடைந்த வீடு, காசில்லாத வீடு என்று பல தினுசு. கடலில் அலை இல்லாத மத்தியானங்களில் பலகையில் சக்கரம் மாட்டித் தெருவில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். காலியான குளம் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? உறைந்து நிற்கிற அலை.

அதற்குச் சில வருஷம் முன்னால்தான் பாலியூரித்தேன் சக்கரம் வந்திருந்தது. அதுவரை களிமண் கலவைச் சக்கரம். சாலையில் ஒரு சின்னக் கல் பட்டால் பலகை அங்கேயே நிற்கும், பையன் மட்டும் மேற்கொண்டு போவான். புதுச் சக்கரம் சுவரைக் கவ்விப் பிடித்தது. பையன்கள் வேலி ஏறிக் குதித்தார்கள். அடியில் கொஞ்சம் பாசித் தண்ணீர் கிடந்தால் மோட்டார் பம்பு வைத்து இறைத்தார்கள். வீட்டுக்காரர் வருவதற்குள், போலீஸ் வருவதற்குள் ஓட்டிவிட்டுப் பறந்தார்கள். ஹவாயின் லாரி பெர்ட்டில்மேன் அலையில் கீழே குனிந்து தண்ணீரைக் கையால் தொடுவாராம். இவர்கள் அதே மாதிரி கான்கிரீட்டைத் தொட்டுத் திரும்பினார்கள்.

ஸெஃபிர் டீம், சுருக்கமாக இஸட்-பாய்ஸ். டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ், ஸ்டேசி பெரால்டா என்று சில பெயர்கள் இன்றைக்கும் அந்த உலகத்தில் மந்திரம் மாதிரி. பெரால்டாவே பிற்பாடு 2001-ல் 'டாக்டவுன் அண்ட் இஸட்-பாய்ஸ்' என்று டாக்குமென்டரி எடுத்தார். அதில் ஒரு பகுதி என்னை உலுக்கிவிட்டது. பணக்காரப் பகுதி ஒன்றில் ஒரு பையன், தீராத நோய். ஓட்ட முடியாது. அப்பாவிடம் கேட்டு வீட்டுக் குளத்தைக் காலி பண்ண வைக்கிறான், இந்தப் பையன்கள் வந்து ஓட்டுவதைப் பார்ப்பதற்காக. இவர்கள் பயமில்லாமல், நாள் முழுக்க, வாசல் வழியாகப் போய் ஓட்டிய குளம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. ஆல்வா குளத்தின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் எழும்பிப் பலகையோடு திரும்பி இறங்கும் அந்தப் புகழ்பெற்ற வித்தை அங்கேதான் உருவானது என்கிறார்கள்.

ஆல்ட்டோ 1976-ல் இறந்துபோனார். தன் தோட்டத்தில் தொடங்கிய ஒரு வளைவில் யாரோ பையன்கள் பறந்துகொண்டிருந்த விஷயம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021-ல் நடந்ததே, அதில் ஸ்கேட்போர்டிங்கை முதல் தடவையாகச் சேர்த்தார்கள். 'பார்க்' என்று ஒரு பிரிவு. நெளிந்த விளிம்பு, வளைந்து ஏறும் சுவர்... தண்ணீர் ஊற்றினால் சாட்சாத் கலிஃபோர்னியாக் கொல்லைக் குளம். பெண்கள் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய ஜப்பானின் கோகோனா ஹிராகிக்கு வயது 12.

இந்தப் பையன்கள் குளத்தில் சறுக்கினார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்? கூடவே ஒருத்தன் காமிராவோடு வேலி குதித்ததால். கிளென் ஃபிரீட்மேனின் படம் 'ஸ்கேட்போர்டர்' பத்திரிகையில் முதலில் வந்தபோது அவருக்கு வயது 14. கிரெய்க் ஸ்டெசிக் என்பவர் படமும் எடுத்து, புனைபெயரில் கட்டுரையும் எழுதினார். குளத்துப் பையன்களைக் காவிய நாயகர்களாக்கியதில் பாதிப் புண்ணியம் அவருடையது. பாதிப் பொய்யும் இருக்கலாம். காவியம் என்றால் அதெல்லாம் சகஜம்.

ஸ்கேட் படங்கள் ஏன் எல்லாமே உருண்டையாக, ஓரமெல்லாம் வளைந்து இருக்கின்றன என்று எனக்கொரு சந்தேகம். விடை எளிது. ஒரு பையன் எட்டுப் படி தாண்டிக் குதிக்கிறான் என்றால் எங்கிருந்து எழும்பினான், எத்தனை படி, எங்கே இறங்கப்போகிறான் மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். தள்ளி நின்று எடுத்தால் பையன் எறும்பாகிவிடுவான். எனவே மீன்கண் லென்ஸ் மாட்டி, அவன் காலடியில் குப்புறப் படுத்து எடுப்பார்கள். பலகை கைதவறினால் நேரே லென்ஸில். லென்ஸ் தப்பினால் மூக்கில். கல்யாண வீட்டில் வீடியோக்காரர் லைட்டை நம் முகத்தில் அடிப்பதற்கே கோபித்துக்கொள்கிறோம்.

அப்படிப் படுத்து எடுத்தவர்களில் ஒருத்தர் ஸ்பைக் ஜோன்ஸ். சைக்கிள் சாகசப் பத்திரிகைக்கும் ஸ்கேட் பத்திரிகைக்கும் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். 1991-ல் 'வீடியோ டேஸ்' என்று ஸ்கேட் வீடியோ ஒன்று செய்தார். ஓடும் காரிலிருந்து, ஓடும் பலகையிலிருந்து என்று எல்லாமே அலைச்சல்தான். அந்த மனிதர்தான் பின்னால் 'பீயிங் ஜான் மால்கோவிச்' எடுத்தார். 'ஹெர்' படத்தின் திரைக்கதைக்காக 2014-ல் ஆஸ்கர் வாங்கினார். படிக்கட்டு ஓரத்தில் கற்ற பாடம் வீண்போகவில்லை.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விட எட் டெம்பிள்டனைப் பிடித்தது. அவரே பெரிய ஸ்கேட்டர், சொந்தமாகப் பலகைக் கம்பெனி வைத்து அதன் படங்களையும் தானே வரைகிறவர். ஆனால் அவர் காமிரா வித்தையைப் பார்ப்பதில்லை. வித்தைக்கு நடுவில் இருக்கிற நேரத்தைப் பார்க்கிறது. வேனில் தூங்கும் பையன்கள், ஓட்டல் அறை, தோல் உரிந்த முழங்கை, ஹன்டிங்டன் பீச்சில் சிகரெட் பிடிக்கிற விடலைகள். 1999-ல் வந்த அவர் புத்தகத்தின் பெயரே 'டீனேஜ் ஸ்மோக்கர்ஸ்'. பெரிய மனுஷத்தனம் காட்டும் அந்தக் குழந்தை முகங்களைப் பார்த்தால் கண்டிக்கவும் தோன்றவில்லை, ரசிக்கவும் முடியவில்லை. நல்ல புகைப்படம் அப்படித்தான் ஆளை நடுவில் நிறுத்திவிடும்.

நம்மூர்ப் படம் ஒன்றும் இந்தக் கூட்டத்தில் உண்டு. மாமல்லபுரத்தில், சறுக்குமேடையில் செருப்பில்லாத காலோடு, கவுன் பறக்க இறங்கி வரும் ஒரு சின்னப் பெண். அங்கே வந்திருந்த ஜேமி தாமஸ் என்கிற அமெரிக்க ஸ்கேட்டர் எடுத்தது. அந்தத் துறையின் சூப்பர் ஸ்டார் டோனி ஹாக் அதை ஊருக்கெல்லாம் காட்டினார். அந்தப் பெண்ணைப் பற்றி 2019-ல் 'கமலி' என்று ஒரு குறும்படம் வந்தது. மறுவருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைப் பட்டியலிலும் ஏறியது. முடிந்தால் பாருங்கள். மகள் பலகையில் போவதைவிட, அதைப் பார்த்து நிற்கும் அம்மாவின் முகம் முக்கியம்.

மியூசியக் கதைக்கு வருகிறேன். 1998-ல் ஜெர்மனியின் மோன்செங்கிளாட்பாக் நகர மியூசியத்தில் மார்க் கொன்சாலெஸ் என்கிற ஸ்கேட்டர், வாள் சண்டைக்காரர்கள் போடும் வெள்ளை உடுப்பில், சிற்பங்களுக்கு நடுவே பலகையில் போனார். மியூசியக்காரர்களே அழைத்துச் செய்ய வைத்தது. அந்த வீடியோவைப் பார்த்தேன். சிரிப்பும் வருகிறது, ஏதோ கோயில் பிராகாரத்தில் குழந்தை ஓடுவதைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷமும் வருகிறது.

ஷெப்பர்ட் ஃபேரி விஷயம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒபாமாவின் முகத்தை சிவப்பு, நீலத்தில் போட்டு, கீழே 'ஹோப்' என்று ஒரு வார்த்தை. 2008 தேர்தலில் அந்த போஸ்டர் பார்க்காத சுவரில்லை. அதை வரைந்தவர் 1989-ல் பிராவிடன்ஸ் நகரில் ஓவியக் கல்லூரி மாணவர், பகுதிநேரமாக ஒரு ஸ்கேட் கடையில் வேலை. நண்பனுக்கு ஸ்டென்சில் வெட்டக் கற்றுத்தர, பேப்பரில் கிடைத்த ஒரு மல்யுத்த வீரரின் படத்தை எடுத்தார். ஆந்த்ரே தி ஜெயன்ட், 7 அடி 4 அங்குலம், 520 பவுண்டு. ஸ்டிக்கராக அடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள். அது எதையும் விற்கவில்லை, எதற்கும் ஓட்டுக் கேட்கவில்லை. 'இது என்ன?' என்று ஜனங்கள் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். சுவர் என்றாலே வேட்பாளர் அல்லது ஹீரோ என்று பழகிய நமக்கு இந்தச் சும்மா ஒட்டல் விநோதமாகத்தான் இருக்கும். இருபது வருஷத்தில் அதே கை வரைந்த ஒபாமா, வாஷிங்டன் தேசிய உருவப்பட கேலரிக்குள் போய்விட்டார்.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. சுப்ரீம் என்று நியூயார்க் கடை. 1994-ல் லாஃபயெட் தெருவில் ஸ்கேட்டர்களுக்காகத் திறந்தது. ஜெஃப் கூன்ஸ், முரகாமி, டேமியன் ஹர்ஸ்ட் என்று கோடீஸ்வர ஓவியர்களைப் பிடித்துப் பலகைக்குப் படம் போட வைத்தார்கள். இருபது வருஷத்தில் வந்த 248 பலகைகளையும் ஒருத்தர் சேர்த்து வைத்து, 2019 ஜனவரியில் சதபீஸ் ஏலத்தில் விட்டார். 8 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியது 17 வயதுப் பையன். இந்த 248-ல் ஒன்றுகூடத் தரையைத் தொட்டதில்லை. எனக்கென்னவோ, தாளம் தட்டாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்த மிருதங்கம் ஞாபகம் வந்தது. தங்கை பையனுக்குச் செய்தி அனுப்பினேன். 'லூசு மாமா அவன்' என்று பதில் வந்தது. ஏலம் எடுத்தவனைத்தான் சொல்கிறான் என்று நினைக்கிறேன்.

இனிமேல்தான் எனக்கு முக்கியமான கண்டுபிடிப்பு. அதற்கு எங்கள் ஃப்ளாட்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைச் சுவர். மேலே கருங்கல் பலகை பதித்தது. பில்டர் அழகுக்காகப் போட்டது. ஆனால் சாயங்காலமானால் அது திண்ணை. இஸ்திரிக்காரர் துணி மூட்டையை வைத்துவிட்டு உட்காருவார். டியூஷன் பிள்ளைகள், சாப்பாடு கொண்டுவரும் பையன்கள், மூன்றாவது மாடிப் பாட்டி, பாட்டியைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மா. அசோசியேஷன் கூட்டத்தில் செக்ரட்டரி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கருங்கல்லின் மேல் அடிக்கு இரண்டு வீதம் ஸ்டீல் குமிழ் பதிப்பது. "யாரும் உட்கார முடியாது சார். பார்க்கவும் டீசன்ட்டா இருக்கும்." கொட்டேஷனும் வாங்கி வைத்திருந்தார்.

இந்தக் குமிழைத் தங்கை பையனிடம் போனில் சொன்னேன். "மாமா, அதுக்குப் பேரே ஸ்கேட் ஸ்டாப்பர். லவ் பார்க் தேடிப் பாருங்க" என்றான்.

தேடினேன். பிலடெல்பியா நகரத்தின் நட்டநடுவில், மாநகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே ஒரு சதுக்கம். 1965-ல் கட்டியது. அதிகாரபூர்வப் பெயர் ஜான் எஃப். கென்னடி பிளாஸா. 1976-ல் ராபர்ட் இந்தியானாவின் 'லவ்' சிற்பத்தை, ஓ எழுத்து சாய்ந்து நிற்குமே அதை, இங்கே கொண்டுவந்து வைத்ததிலிருந்து லவ் பார்க். முழுக்கக் கருங்கல். படிகள், திண்ணைகள், நடுவில் நீரூற்று. அலுவலகக்காரர்கள் மத்தியானம் சாண்ட்விச் சாப்பிட உட்காருவார்கள் என்று நினைத்துக் கட்டினது. 1980-களில் ஸ்கேட்டர்கள் வந்தார்கள். ஆலி என்கிற வித்தை அதற்குள் பரவிவிட்டது. கையால் தொடாமல், வாலை மிதித்து, பலகையைக் காலோடு சேர்த்துத் துள்ள வைப்பது. அது தெரிந்தவனுக்குத் திண்ணை, படி, குழாய் எல்லாமே விளையாட்டுச் சாமான்கள். லவ் பார்க்கின் கருங்கல் வழவழப்பு உலகப் பிரசித்தம் ஆனது. ஸ்கேட் வீடியோக்களில் அந்தச் சதுக்கத்தைப் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ பையன்கள் கிளம்பி வந்தார்கள்.

மாநகராட்சிக்குப் பிடிக்கவில்லை. கல் உடைகிறது, ஜனங்கள் நடக்க பயப்படுகிறார்கள் என்றார்கள். அதில் நியாயமில்லாமல் இல்லை. கருங்கல் விளிம்புகள் நிஜமாகவே பெயர்ந்தன. வயதானவர்கள் நிஜமாகவே ஒதுங்கிப் போனார்கள். அபராதம் போட்டார்கள், பலகையைப் பிடுங்கினார்கள். 2002-ல் பார்க்கை மூடி, திண்ணைகளை எடுத்துவிட்டு மர பெஞ்சுகளும் புல்லும் போட்டுத் திறந்தார்கள். அதற்கு முந்தைய வருஷமும் அதே வருஷமும் எக்ஸ் கேம்ஸ் என்ற பெரிய போட்டி அந்த ஊரில் நடந்தது. டி.வி.யில் காட்டினால் விளையாட்டு, தெருவில் செய்தால் குற்றம்.

அப்போது ஒரு கிழவர் வந்தார். எட்மண்ட் பேக்கன். 1949 முதல் 1970 வரை பிலடெல்பியாவின் நகரத் திட்டக் குழுவை நடத்தியவர். 1964-ல் டைம் பத்திரிகையின் அட்டையில் வந்தவர். 1932-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராக அவர் எழுதிய ஆய்வில்தான் அந்த இடத்தில் ஒரு சதுக்கம் வேண்டும் என்ற யோசனையே இருக்கிறது. தான் நினைத்துக் கட்ட வைத்த இடத்தை, தான் கனவிலும் நினைக்காத விதத்தில் பையன்கள் உபயோகிப்பதைப் பார்த்தார். வேறு யாராயிருந்தாலும் 'என் டிசைனைக் கெடுத்துட்டானுங்க' என்று மேயருக்குப் பெட்டிஷன் எழுதியிருப்பார்கள். இவர் பையன்களின் பக்கம் சேர்ந்தார். தான் கட்டியதிலிருந்து அவர்கள் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதில் அவருக்குப் பெருமை.

2002 அக்டோபர் 28. பேக்கனுக்கு வயது 92. கோட்டு, தலையில் ஹெல்மெட். இரண்டு பக்கமும் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, மேயரையும் நகர சபையையும் மீறி, ஒரு குடிமகனின் உரிமையாகத் தன் அருமைப் பார்க்கில் சறுக்கப்போவதாகக் காமிராக்களின் முன்னால் அறிவித்துவிட்டுப் பலகையில் ஏறினார். சில அடி தூரம்தான். இறங்கியதும் கடவுளுக்கு நன்றி சொன்னார், இந்த ஒரு நிமிஷத்துக்காகவே வாழ்ந்தது தகும் என்றார். போலீஸ் அவரைப் பிடிக்கவில்லை. யார் பிடிப்பார்கள்?

இன்னொரு தகவல். இவருடைய மகன் நடிகர் கெவின் பேக்கன். அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த 1984-ம் வருஷத்து 'ஃபுட்லூஸ்' படத்தின் கதை என்ன தெரியுமா? நடனம் ஆடத் தடை போட்ட ஒரு ஊரில் ஒரு பையன் வந்து ஆடுகிறான். மகன் சினிமாவில் பண்ணியதை அப்பா தெருவில் பண்ணினார்.

தடை போகவில்லை. 2004-ல் ஒரு ஸ்கேட் ஷூ கம்பெனி, பார்க்கை ஸ்கேட்டர்களுக்குத் திறந்துவிட்டால் பராமரிப்புக்குப் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றது. நகரம் வேண்டாம் என்றுவிட்டது. பேக்கன் 2005-ல் தொண்ணூற்றைந்தாவது வயதில் காலமானார். 2016-ல் பார்க்கை மொத்தமாக இடித்துப் புதுசாகக் கட்ட முடிவானபோது, புது மேயர் ஒரு காரியம் செய்தார். இடிப்பதற்கு முன் சில நாட்கள் தடையை நீக்கினார். பிப்ரவரிக் குளிர். பதினைந்து வருஷம் முன்னால் போலீசுக்கு ஓடியவர்கள், நரைத்த தாடியும் கையில் குழந்தையுமாக வந்து ஓட்டிவிட்டுப் போனார்கள். வீடியோவில் ஒருத்தர் தீயில் கை காய்ச்சிக்கொண்டு திண்ணையைத் தடவிப் பார்க்கிறார். அவர் எதுவும் பேசவில்லை.

லண்டனில் கதை வேறு மாதிரி முடிந்தது. தேம்ஸ் நதிக்கரையில் 1967-ல் திறந்த குவீன் எலிசபெத் ஹாலுக்கு அடியில், கான்கிரீட் தூண்களும் சரிவுகளுமாக ஓர் இருட்டு இடம். 1970-களிலிருந்தே பையன்கள் அங்கே ஓட்டுகிறார்கள். 2013-ல் அதைக் கடைகளாக்கி, ஸ்கேட்டர்களைக் கொஞ்ச தூரம் தள்ளி வேறிடத்தில் வைக்கத் திட்டம் வந்தது. கலைக்கூடத்துக்குப் பணம் வேண்டும், அதற்குக் கடை வேண்டும். அதுவும் வாஸ்தவமான தேவைதான். ஆனால் பையன்கள் ஒரு மேஜை போட்டு நாள் தவறாமல் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். திட்ட அனுமதிக்கு எதிராக 27,000-க்கும் மேல் ஆட்சேப மனுக்கள். 2014-ல் இடம் அவர்களுக்கே என்று ஒப்பந்தமானது. 2019-ல் பல வருஷமாக அடைத்துவைத்திருந்த ஒரு பகுதியையும் செப்பனிட்டுத் திறந்துவிட்டார்கள். புது இடம் நன்றாகவே கட்டித் தருகிறோம் என்று சொல்லியும் அவர்கள் ஏன் நகரவில்லை? கட்டித் தந்தது வேண்டாம், கண்டுபிடித்ததுதான் வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

லவ் பார்க் கருங்கல் என்ன ஆயிற்று? ஒரு பகுதியை ஸ்வீடனில் மால்மோ என்கிற நகரம் கேட்டு வாங்கிக் கப்பலில் கொண்டுபோனது. அந்த ஊரில் ஸ்கேட்போர்டிங்குக்கென்று மாநகராட்சியில் ஓர் ஒருங்கிணைப்பாளரே உண்டு. 2006-லிருந்து ஸ்கேட்டிங்கை ஒரு பாடமாகவே வைத்திருக்கும் மேல்நிலைப் பள்ளி உண்டு. பிலடெல்பியா துரத்திய அதே கல்லை, பையன்கள் மெழுகு தேய்த்து உரசி மழுங்கிய விளிம்புகளோடு, ஓட்டுவதற்காகவே திரும்பப் பதித்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம். குமிழ் விவகாரம் மூன்றாவது ஐட்டம். பேக்கன் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன். கதையை முழுக்கச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். பாட்டியின் மகன் மட்டும், "அம்மா அங்கதான் சார் உக்காருவாங்க. வேற எங்க உக்காருவாங்க?" என்றார். செக்ரட்டரி படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தொண்ணூத்திரெண்டு வயசா? விழுந்திருந்தா இடுப்பு போயிருக்கும் சார்" என்றார். பிறகு கொட்டேஷனை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் பேசலாம்" என்று நாலாவது ஐட்டத்துக்குப் போனார். தண்ணீர் லாரி.